கொழுகொழு நாயும் களைத்துப்போகும் இதயமும்

இந்த மாதம் கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் நிறைய, நாயின் எடையைப் பற்றியவை. அதனால் தோல் அரிப்பு, தடுப்பூசிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, எடை, இதயம், சர்க்கரை ஆகியவற்றை ஒட்டிய கேள்விகளுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன். மேஜைமேல் தூக்கி வைக்க இரண்டு ஆள் தேவைப்படும் நாய்களைக் கிளினிக்கில் தினமும் பார்க்கிறேன். அவற்றைக் கூட்டிவருகிறவர்கள் எல்லோருமே நாய்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

எங்கள் லேப்ரடாருக்கு 6 வயது, பெண். கருத்தடை ஆபரேஷன் ஆகி நான்கு வருடம். எடை 41 கிலோ. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். காலையில் ஒரு டம்ளர் பாலும் ஆறு மேரி பிஸ்கட்டும், மதியம் தோலோடு வேகவைத்த கோழி போட்டு ஒரு பெரிய கிண்ணம் சாதம், ராத்திரி தயிர்சாதம், இவ்வளவுதான் கொடுக்கிறோம். "நாய்க்கெல்லாம் ஹார்ட் அட்டாக் வராது, விடு" என்கிறார் கணவர். உண்மையா டாக்டர்?
— வாசகி, கோவை

அவர் சொல்வது பெரும்பாலும் சரிதான், ஆனால் அதிலிருந்து அவர் வந்திருக்கும் முடிவு தவறு. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிந்து, அடைத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற மாரடைப்பு நாய்களுக்கு மிக அபூர்வம். நாயின் ரத்தத்தில் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி எச்.டி.எல். வடிவில், அதாவது நாம் நல்ல கொழுப்பு என்று சொல்லும் வடிவில் ஓடுகிறது. போதாததற்கு, ஒரு குழாய் அடைத்தாலும் பக்கவழியாக ரத்தம் போய்ச்சேர அதன் இதயத்தில் கிளைக்குழாய்கள் நிறைய உண்டு. தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய் உள்ள சில நாய்களில்தான் அந்த மாதிரி அடைப்பு காணப்படுகிறது. ஆனால் அடைப்பு வராது என்பதும் இதயம் நன்றாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

உடம்பில் பத்து கிலோ கூடினால் அந்தப் பத்து கிலோவுக்கும் ரத்தம் போயாக வேண்டும். ரத்தத்தின் மொத்த அளவு கூடுகிறது, இதயம் நிமிடத்துக்கு நிமிடம் தள்ள வேண்டிய அளவும் கூடுகிறது, அவள் தூங்கும்போதுகூட. சிறுநீரகம் உப்பை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது, நரம்புகள் இதயத்தை முடுக்கிக்கொண்டே இருக்கின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஆய்வுக்கூடங்களில் நாய்களுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்துப் பார்த்தபோது சில வாரங்களிலேயே இது நடந்தது. அந்த அழுத்தத்தை எதிர்த்தே வேலை செய்து செய்து இடது கீழறையின் சுவர் தடித்துப்போகிறது, தடித்த சுவர் சரியாகத் தளராது, தளராத அறையில் ரத்தம் சரியாக நிரம்பாது. இதற்கு மேல் நெஞ்சிலும் வயிற்றிலும் அடைந்திருக்கும் கொழுப்பு நுரையீரலை முழுசாக விரியவிடுவதில்லை. அவள் படியில் உட்கார்ந்துவிடுவது சோம்பேறித்தனம் இல்லை அம்மா, அவளால் முடியவில்லை. மூட்டு வலியும் சேர்ந்திருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது சாப்பாட்டுக் கணக்கு. நான் உத்தேசமாகப் போட்டுப் பார்த்தேன். பால் 120 கலோரி, ஆறு பிஸ்கட் 150, மதியச் சாதம் 400 கிராம் இருந்தால் 520, கோழி 150 கிராம் தோலோடு 330, ராத்திரி தயிர்சாதம் 450. மொத்தம் 1,570. அவள் இருக்க வேண்டிய எடை 30 கிலோ என்று வைத்துக்கொண்டால், எடை குறைக்க நாங்கள் ஆரம்பிக்கும் அளவு ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரி. அதாவது "இவ்வளவுதான்" என்று நீங்கள் எழுதியதில் ஏறக்குறைய பாதியைத் தொட்டுச் சற்று மேலே. கருத்தடைக்குப் பிறகு நாயின் தேவை கால் பங்குக்குப் பக்கமாகக் குறைகிறது, பசியோ கூடுகிறது; ஆபரேஷன் அன்றே இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும், பெரும்பாலும் சொல்வதில்லை.

அதற்காக நாளைக் காலையிலேயே எல்லாவற்றையும் பாதியாக்கிவிடாதீர்கள். இதே சாப்பாட்டைப் பாதியாக்கினால் கலோரியோடு சேர்த்துப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மற்ற சத்துகளும் குறைந்துபோகும். பாலையும் பிஸ்கட்டையும் இன்றே நிறுத்தலாம், கோழித் தோலை உரித்துவிடலாம், சாதத்தைப் படிப்படியாகக் குறைத்து வெந்த பீன்ஸ், பூசணி, கேரட் சேர்க்கலாம். மீதியை உங்கள் டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு எழுதிக் கொடுக்கட்டும். எடை குறைப்புக்கென்றே வரும் பாக்கெட் உணவும் இருக்கிறது. வாரத்துக்கு எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் போதும். உங்கள் கணக்கில் 400 கிராமிலிருந்து 800 கிராம். ஏழெட்டு மாதம் பிடிக்கலாம், ஆனால் எடை இறங்க இறங்க ரத்த அழுத்தமும் இதயச் சுவரின் தடிப்பும் பெருமளவு திரும்பக்கூடியவை என்பதால் அந்த ஏழெட்டு மாதம் வீணே இல்லை.

என் பீகிளுக்குச் சர்க்கரை டெஸ்ட் எடுத்தோம், வெறும் வயிற்றில் 96. நார்மல் என்றார்கள். 19 கிலோ இருக்கிறான். சர்க்கரை இல்லை என்றால் எடையைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கலாமா?
— வாசகர், மதுரை

இருக்க முடியாது. 96 என்ற எண், அவன் கணையம் இன்னும் ஈடுகொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது.

மனிதர்களுக்கு எடை கூடினால் டைப் 2 சர்க்கரை வருவது நமக்கெல்லாம் பழகிய விஷயம், வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். நாய்களுக்கு அந்த வகை வருவதில்லை என்றே சொல்லலாம். இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துபோவதால் வருவதுதான் அவற்றின் வழக்கமான சர்க்கரை நோய். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு ஹீட் முடிந்த சில வாரங்களில் ஹார்மோன் காரணமாகவும் வரும். ஆனால் குண்டான நாயின் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் காதுகொடுப்பதில்லை என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். ஒரு பங்கு இன்சுலினில் முடிய வேண்டிய வேலைக்குக் கணையம் பல பங்கு சுரக்கிறது, சுரந்து சுரந்து அந்த 96ஐக் காப்பாற்றுகிறது.

கொழுப்பு என்பது சும்மா மூட்டை கட்டி வைத்த சரக்கு அல்ல. அது ஹார்மோன் சுரக்கும் உறுப்பு. அளவோடு இருக்கும்போது உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்பட உதவும் அடிபோனெக்டின் என்ற பொருளைக் கொடுக்கிறது. பெருத்துப்போனால் அது குறைந்து, உடம்பெங்கும் மெல்லிய அழற்சியை உண்டாக்கும் பொருள்கள் கூடுகின்றன. இங்கிலாந்தில் 35 குண்டு நாய்களைப் பரிசோதித்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், 7 நாய்களுக்கு மனிதர்களின் மெட்டபாலிக் சிண்ட்ரோமைப் (எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை எல்லாம் சேர்ந்து கெடும் நிலையைப்) போன்ற கோளாறு இருந்தது. அவற்றுக்கு இன்சுலின் கூடுதல், அடிபோனெக்டின் குறைவு. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி, எடை குறைத்ததும் பல அளவுகள் இறங்கின என்பது.

உங்கள் பீகிளுக்கு நான் அதிகம் பயப்படுவது சர்க்கரையைவிடக் கணைய அழற்சிக்கு. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏற்கெனவே கூடியிருக்கும் குண்டு நாய், தீபாவளிக்கு மறுநாள் ஆட்டுக்கொழுப்பும் குழம்பு எண்ணெயும் தின்றுவிட்டு விடாமல் வாந்தி எடுத்து, முதுகை வளைத்து, முன்கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு வரும். சில பிழைப்பதில்லை. அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது, பன்னிரண்டு மணி நேரம் வயிற்றைக் காயவைத்துவிட்டு, கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் லேப் சாப்பிட்டு முடித்த பத்தாவது நிமிடம் மறுபடி தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். டயட்டில் வைக்கச் சொன்னார்கள். ஆனால் அவன் பார்வையைப் பார்த்தால் பட்டினி போடுகிற மாதிரி குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. அவனுக்கு உண்மையிலேயே பசிக்குமா?
— கல்லூரி மாணவி, சென்னை

பசிக்கும் மா. நடிக்கவில்லை. லேப் வளர்க்கிறவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எலினார் ராஃபன் குழுவினர் 2016இல் கண்டுபிடித்தது: பிரிட்டனில் லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் செய்தியைத் தயாரிக்கும் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை. அந்தக் குறை ஒரு பிரதி இருந்தாலே சராசரியாக இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் எடை கூடுகிறது. பார்வையற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உதவப் பழக்கும் லேப்களில் பார்த்தால் நான்கில் மூன்றுக்கு அது இருந்தது, தீனிக்காக எதையும் கற்றுக்கொள்ளும் நாய்தானே பழக்க எளிது. அதே குழு 2024இல் வெளியிட்டது இன்னும் வருத்தமானது. இந்தக் குறை உள்ள நாய் ஒரு வேளைக்கு அதிகம் தின்பதில்லை, ஆனால் இரண்டு வேளைக்கு நடுவில் மற்ற நாய்களைவிடச் சீக்கிரம் பசிக்கிறது. ஓய்வில் அது செலவழிக்கும் சக்தியும் கால் பங்கு குறைவு. பசி கூடுதல், தேவை குறைவு, இரண்டும் ஒரே உடம்பில்.

உங்கள் நாய்க்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பரிசோதிக்காமல் சொல்ல முடியாது, சொல்லியும் பெரிதாக மாறப்போவதில்லை. நாளைக்கு உரிய அளவைக் காலையிலேயே தராசில் நிறுத்து வைத்துக்கொள்ளுங்கள். டம்ளரில் அளக்க வேண்டாம், டம்ளர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி நிரம்பும். அதை இரண்டு வேளைக்குப் பதில் நான்கு வேளையாகப் பிரியுங்கள். கொஞ்சத்தைத் தட்டில் போடாமல் பழைய துண்டில் சுருட்டிக் கொடுத்து மோப்பம் பிடித்து எடுக்க விடுங்கள். நடுவில் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் ஒரு துண்டு வெள்ளரிக்காய், அப்புறம் ஐந்து நிமிடம் அவனோடு உட்காருங்கள். பல நேரம் அவன் கேட்டது உங்களைத்தான் என்று தெரியவரும்.

குற்ற உணர்ச்சி என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் பியூரினா நிறுவனம் 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசி வரை கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டது. ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி, ஆயுள் முழுக்க. குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள், அதாவது அவற்றில் பாதி நாய்கள் தாண்டிய வயது, 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டு நோய் மருந்தும் பல வருடம் தள்ளித்தான் தேவைப்பட்டது, இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படுவதும் நன்றாக இருந்தது. அதிகம் சாப்பிட்ட நாய்கள்கூட உருண்டையாகிவிடவில்லை, நம் தெருவில் "நல்லா வளர்த்திருக்காங்க" என்று பாராட்டு வாங்கும் அளவு சதைதான். அந்தச் சதைக்கு விலை கிட்டத்தட்ட இரண்டு வருடம்.

எங்கள் பொமரேனியனுக்கு 10 வயது, 9 கிலோ. ராத்திரியில் இருமுகிறது. இதயத்தில் வால்வு கசிகிறது என்று எக்கோ பார்த்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எடையைக் குறைக்கச் சொல்லி ஒருவர், குறைத்தால் ஆபத்து என்று இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், கும்பகோணம்

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்க வாய்ப்பு உண்டு ஐயா, நாய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் ஒன்று தெளிவாக: எடை கூடியதால் வால்வு கசியவில்லை. சின்ன ஜாதி நாய்களுக்கு வயதானால் இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு தடித்துச் சுருங்கிக் கசிவது பிறவியிலேயே கொண்டுவரும் போக்கு. ஆனால் கசிகிற வால்வோடு ஏற்கெனவே போராடும் இதயத்தின் மேல் எடையும் ஏறி உட்காருகிறது. இருமலுக்கும் இதயம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை, இந்த ஜாதிக்கு மூச்சுக்குழாய் தட்டையாகிப்போகும் நோயும் அதிகம், கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தால் அது மோசமாகும். எக்ஸ்ரேயில் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். இன்றைக்கே கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு, மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் வாங்குங்கள்.

நுரையீரலில் இன்னும் நீர் சேரவில்லை, இதயம் பெருத்திருக்கிறது, அவ்வளவுதான் என்றால் எடையை மெதுவாகக் குறைப்பது நல்லது. பிமோபெண்டன் என்ற மாத்திரை இந்தக் கட்டத்தில் இதயச் செயலிழப்பைச் சுமார் 15 மாதம் தள்ளிப்போடுகிறது என்று 2016இல் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது, அதைக் கொடுத்திருந்தால் ஒரு வேளையும் விடாதீர்கள்.

நீர் சேர்ந்து, ஃபுரோசிமைடு போன்ற சிறுநீர் மாத்திரையில் இருக்கிறது என்றால் கதை வேறு. இந்தக் கட்டத்தில் இதய நோயே தசையைக் கரைக்கும், முதுகெலும்பும் இடுப்பும் துருத்திக்கொண்டு வரும். எடை இழக்கும் நாய்களைவிட எடையைக் காப்பாற்றிக்கொண்ட நாய்கள் அதிக நாள் இருந்திருக்கின்றன. இப்போது பட்டினி போடக்கூடாது, புரதத்தைக் குறைக்கக்கூடாது, அது விரும்பிச் சாப்பிடுவதே பெரிய விஷயம். உப்பை மட்டும் தவிருங்கள்: அப்பளம், கருவாடு, மிக்சர், ஊறுகாய் பட்ட சாதம்.

தினமும் அது நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கி ஒரு நோட்டில் எழுதுங்கள். 30க்குக் கீழே இருக்க வேண்டும். தொடர்ந்து 30ஐத் தாண்டினால் மறுநாள் வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். இருமலைவிட இந்த எண்ணை நான் நம்புகிறேன்.

எங்கள் நாய் கொஞ்சம்தான் சாப்பிடுகிறது, ஆனாலும் பெருத்துக்கொண்டே போகிறது. எப்படி?
— வாசகி, திருநெல்வேலி

முடி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உதிர்ந்து, எப்போதும் படுத்துக்கொண்டு, குளிர் தேடாமல் வெயில் தேடினால் தைராய்டு பாருங்கள். தண்ணீர் மிக அதிகமாகக் குடித்து, அடிக்கடி மூத்திரம் போய், வயிறு மட்டும் பானை மாதிரி தொங்கினால் உடம்பு கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோய் இருக்கலாம். அரிப்புக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை போகிறதா என்றும் பாருங்கள். மூன்றும் இல்லையென்றால், வீட்டில் வேறு யார் என்ன கொடுக்கிறார்கள் என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள்.

என் தம்பி எங்கள் நாயின் எடையைக் குறைக்கப் பைக்கோடு சேர்த்துக் கட்டி மதியத்தில் ஓட்டுகிறான். செய்யலாமா?
— வாசகர், வேலூர்

இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வேலூர் வெயிலில் குண்டு நாயை ஓடவிடுவது உயிரோடு விளையாடுவது. நாய்க்கு நம்மைப் போல வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்குகிறது. கொழுப்பு கம்பளி மாதிரி சூட்டை உள்ளேயே வைத்திருக்கும், ஏற்கெனவே முழுவேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குத் தோலுக்கும் தசைக்கும் சேர்த்து ரத்தம் அனுப்ப இடமில்லை. ஈறு செக்கச்செவேலென்று ஆகி, எச்சில் கெட்டியாக வழிந்து, தள்ளாடினால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நடை காலை ஆறரைக்குள், பத்து நிமிடத்தில் ஆரம்பித்து வாரம் வாரம் ஐந்து நிமிடம் கூட்டினால் போதும். தம்பியிடம் இதையும் சொல்லுங்கள்: அரை மணி நேர நடையில் கரைவதைச் சில பிஸ்கட் திருப்பிக் கொடுத்துவிடும். நடை இதயத்துக்கும் தசைக்கும், எடை குறைவது தட்டில்.

நாங்கள் சிப்பிப்பாறை வளர்க்கிறோம். விலா எலும்பு தெரிகிறது என்று சொந்தக்காரர்கள் எல்லாம் "சோறு போடுறியா இல்லையா" என்கிறார்கள். சாதத்தைக் கூட்டலாமா?
— வாசகர், சாத்தூர்

கூட்டவே வேண்டாம். உங்கள் மண்ணில் பிறந்த நாய், அந்தப் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள், முயல் பின்னால் ஓடிய நாயின் விலா தெரியத்தான் செய்யும் என்பார்கள். கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிந்து, வயிறு உள்வாங்கி, தொடைத் தசை கெட்டியாக இருந்தால் அது அந்த ஜாதியின் ஆரோக்கியம். மற்ற ஜாதிகளுக்குக் கையால் ஒரு சோதனை உண்டு. உங்கள் கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள், எலும்பு லேசான தோலுக்கு அடியில் தட்டுப்படும். நாயின் விலா அப்படி இருக்க வேண்டும். உள்ளங்கையின் கட்டைவிரல் மேட்டைத் தொடுவது போல மெத்தென்று இருந்தால் கொழுப்பு கூடிவிட்டது. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தித் தொடை ஒட்டிப்போனால் மட்டும் குடற்புழு, உண்ணிக் காய்ச்சல் பார்க்க வேண்டும். எனக்குக் கவலை தருவது, சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு இன்று நகரங்களில் சிப்பிப்பாறையையும் கன்னி ஜாதி நாயையும் தயிர்சாதத்தில் பெருக்கவைத்து மாடியில் கட்டிப்போடுவதுதான்.

நாங்கள் அளந்து போடுகிறோம், அப்பா மறைத்து மறைத்துக் கொடுக்கிறார். 78 வயது, சொன்னால் கோபப்படுகிறார். அம்மா போனபிறகு அவருக்கு நாய்தான் துணை. என்ன செய்வது?
— வாசகி, ஈரோடு

அவரைத் தடுக்காதீர்கள் அம்மா. அவர் கொடுக்கும் அந்த ஒரு வாய்தான் அவருக்கும் நாய்க்கும் நடுவில் இருக்கும் பேச்சு. தின்பண்டம் நாயின் நாள் கணக்கில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும் என்பது எங்கள் பொது வழக்கம், அந்தப் பங்கை முழுக்க அவரிடமே விட்டுவிடுங்கள். காலையில் ஒரு சின்ன டப்பாவில் வெந்த கேரட்டும், பீன்ஸும், தோலில்லாத கோழியில் கொஞ்சமும் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டு, மூடி, அவர் கட்டில் பக்கத்தில் வையுங்கள். இனி இந்த வீட்டில் அவனுக்கு நீங்கள் மட்டும்தான் தின்பண்டம் கொடுக்கணும், நாங்க யாரும் கொடுக்க மாட்டோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். பிஸ்கட் பாக்கெட் மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது. மாதம் ஒருமுறை நாயை எடை பார்க்கக் கூட்டிப்போகும்போது அப்பாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொள்ளுங்கள். தராசில் எண்ணை அவரே படிக்கட்டும்.